படக்குறிப்பும் படமும்



வட அமெரிக்கப் புல்வெளிகளைச் சார்ந்த செயென் மக்கள் தம்மைத் 'த்சித்சிஸ்தாஸ்' என்றே குறிப்பர். 'செயென்' என்பது டகோட்டா மக்கள் வழங்கிய பெயரின் திரிபு. ஆகவே, அம்மக்களின் பழைய நிழற்படங்களில் படக்குறிப்பின் முதற்சொல்லே பிறர் இட்டதாக உள்ளது. அடுத்த சொல் பெரும்பாலும் 'பெண்' அல்லது 'மங்கை'. எட்வர்ட் கர்ட்டிஸ் 1907 முதல் 1930 வரை இருபது தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலிலும் இதனைக் காணலாம். அணிந்தவளின் பெயர் இல்லை. ஆடை மட்டும் எஞ்சுகிறது.

அவ்வாடையையாவது படம் சரியாகக் காட்டுகிறதா? அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பை மிக அரிதாகவும் ஏற்றன. எனவே நீலமணி வெளிறித் தோன்றும், செம்மணி கறுத்துவிடும். படத்தை மட்டும் நம்பி மணிவேலைப்பாட்டின் நிறங்களை எழுதுவோர் தலைகீழாக எழுத நேரும். (நம் பாடநூல்களின் பழைய படங்களுக்கும் இது பொருந்தும்.)

எண்ணிக்கையோ படத்தில் தெளிவாகவே தெரியும். தோளிலும் மார்பிலும் வரிசையாகத் தைக்கப்பட்டவை எல்க் மானின் கோரைப்பற்கள். ஒரு மானுக்கு அத்தகைய பற்கள் இரண்டே. முந்நூறு பற்கள் கொண்ட ஆடைக்கு நூற்றைம்பது மான்கள் வேண்டும். அது ஒரு குடும்பத்தின் பல்லாண்டு வேட்டைக் கணக்கு. எலும்பில் செதுக்கிய போலிப் பற்களும் பின்னர்ப் பயன்பட்டன.

முள்ளம்பன்றி முட்களால் அணிசெய்யும் பெண்களுக்குத் தனிக் கழகமே இருந்தது. போர்வீரர் தம் வீரச்செயல்களை அவையில் எடுத்துரைத்தது போல், அப்பெண்கள் தாம் முடித்த வேலைகளை எண்ணிச் சொல்வர். ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் 1923இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

அந்நூலுக்கான படங்களை எடுத்தவர்களுள் ஒருவர் ஜூலியா டூவெல். மொன்டானாவின் லேம் டியர் ஊரில் பணியாற்றிய பள்ளியாசிரியரின் மனைவி. கர்ட்டிஸின் அழகிய படங்களைவிட இவருடைய எளிய படங்களையே நான் மேலாகக் கருதுகிறேன். அவற்றில் பெண்கள் வேலை செய்கின்றனர். கடைத்துணி ஆடையும் அணிகின்றனர். அதனால் 'மரபு' குன்றிவிட்டது என்பார்க்கு ஒன்று சொல்வேன்: தோலாடையில் மின்னும் அந்தக் கண்ணாடி மணிகளே வெனிசிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் வணிகர் வழி வந்தவை.