சராசரியில் தொலையும் துடிப்பு



என் வழக்கு உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஒரே காட்சியைக் குரங்கின் கண்முன் பலமுறை காட்டினாலும், அதன் பார்வைப் புறணியில் உள்ள ஒரு நரம்பணு ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் துடிப்பதில்லை. நம் துறையில் பெரும்பாலோர் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை இரைச்சல் என்று தள்ளிவிடுகிறார்கள். இதை நான் ஏற்றதில்லை. சராசரி நமக்குத்தான் கிடைக்கிறது, குரங்குக்குக் கிடைப்பதில்லை. அது ஒரே பார்வையில் முடிவெடுத்தாக வேண்டும்.

ஹூபலும் வீசலும் 1968-ல் குரங்கின் முதன்மைப் பார்வைப் புறணியை ஆராய்ந்தபோது, எந்தச் சாய்வுக் கோட்டுக்கு எந்த நரம்பணு துடிக்கிறது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சராசரி போதும். அந்தத் துடிப்பைக் கொண்டு விலங்கு என்ன செய்கிறது என்று கேட்டால் போதாது.

பார்வைப் புறணியின் எம்.டி. பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள நரம்பணுக்கள் அசைவின் திசைக்கேற்பத் துடிப்பவை என்பதை டப்னரும் செக்கியும் 1971-ல் மக்காக் குரங்கில் காட்டினார்கள். நியூசம், பிரிட்டென், மூவ்ஷன் மூவரும் 1989-ல் வெளியிட்ட சோதனையில், திரையில் புள்ளிகள் மின்னும். ஒரு பங்குப் புள்ளிகள் ஒரே திசையில் நகர, மற்றவை தாறுமாறாக அலையும். குரங்கு இரண்டு விநாடி பார்த்துவிட்டு, திசை எது என்பதைக் கண்ணசைவால் சொல்ல வேண்டும். இதில் நான் மிகவும் மதிப்பது ஒன்று: புள்ளிகளின் இடம், திசை, வேகம் மூன்றையும் அப்போது பதிவாகிக்கொண்டிருந்த நரம்பணுவுக்குப் பொருத்தமாகவே அமைத்தார்கள். பிறகு, அந்த ஒரு நரம்பணுவின் துடிப்பெண்ணிக்கையை மட்டும் அறிந்த ஒருவர் எத்தனை முறை சரியாகச் சொல்வார் என்று கணக்கிட்டார்கள். பல நரம்பணுக்கள் குரங்குக்கு நிகராகச் சொல்லின, சில அதையும் விஞ்சின! இரு திசைகளின் சராசரிகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட முடியாது. அவற்றின் சிதறலும் வேண்டும்.

இது வெறும் உடன்நிகழ்வு அல்ல. 1990-ல் சால்ஸ்மனும் குழுவினரும் அதே பகுதியில் நுண்ணிய மின்னோட்டம் செலுத்தியபோது, அங்குள்ள அணுக்கள் விரும்பும் திசைப்பக்கம் குரங்கின் தீர்ப்பு சாய்ந்தது. 1996-ல் பிரிட்டென் குழு இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டியது. எந்தத் திசையும் இல்லாத காட்சியிலும், நரம்பணு சற்று அதிகம் துடித்த முறைகளில் குரங்கு அதன் திசையையே சற்று அதிகம் தேர்ந்தது. துடிப்பை மட்டும் வைத்துக் குரங்கின் தேர்வை ஊகித்தால் அது சரியாகும் வாய்ப்பை அளந்தார்கள். தொடர்பே இல்லையென்றால் அந்த அளவு 0.5 ஆக இருக்கும். கிடைத்ததோ ஏறத்தாழ 0.55. நாம் தள்ளிவிட்ட இரைச்சல் விலங்கின் தீர்ப்போடு சேர்ந்தே அசைகிறது.

ஆயிரக்கணக்கான அணுக்களைச் சேர்த்தால் இரைச்சல் தானே அடங்கிவிடுமே என்பார்கள். அடங்காது. அண்டை அணுக்களின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஒட்டியது. சோகரி, ஷாட்லன், நியூசம் 1994-ல் கண்ட ஒட்டுறவு சராசரியாக 0.12. சிறிய எண்தான். ஆனால் அந்த அளவில், எத்தனை அணுக்களைச் சேர்த்தாலும் தெளிவு ஓர் அணுவின் தெளிவைப்போல் மூன்று மடங்கை எட்டாது. நூறு அணுக்களுக்குமேல் ஆதாயம் மிகச் சொற்பம். நூறு சாட்சிகளும் ஒரே வதந்தியைக் கேட்டவர்களானால், நூற்றோராவது சாட்சியால் வழக்குக்கு என்ன பயன்?

மாறாக, எக்கர் குழு 2010-ல் முதன்மைப் பார்வைப் புறணியில் இந்த ஒட்டுறவு சுழியை ஒட்டியே இருப்பதாகச் சொன்னது. அதுவும் ஒவ்வொரு முறையையும் தனித்தனியே பார்த்ததால் தெரிந்ததே. தீர்ப்போடுள்ள தொடர்பில் ஒரு பங்கு மேல்நிலைப் பகுதிகளிலிருந்து வருவது என்று நீன்போர்கும் கம்மிங்கும் 2009-ல் காட்டியதை மனமார ஏற்கிறேன். அதையும் ஒவ்வொரு முறையையும் தனித்தனியே பார்த்தே கண்டார்கள்; ஆகவே அது என் கட்சியைத் தளர்த்தவில்லை.

கவனம் குவியும்போது பார்வைப் புறணியின் வி4 பகுதியில் ஒட்டுறவு குறைவதை கோஹனும் மான்செல்லும் 2009-ல் கண்டார்கள். அதை விரிக்க இப்போது நேரமில்லை. இளைஞர்கள் பார்க்க வேண்டியவை: கண்ணின் நுண்ணசைவால் வரும் ஏற்ற இறக்கம் எவ்வளவு, இயற்கைக் காட்சிகளில் ஒட்டுறவு எப்படி மாறுகிறது, பல மின்முனைப் பதிவுகளை எப்படிப் படிப்பது.

எதைச் செய்தாலும், சராசரி எடுத்த பிறகு மூலப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையின் துடிப்புகளையும் பிறர் எடுத்துப் பார்க்கும்படி காத்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.