விரல் செய்யும் உதவியும் மருந்தின் இடமும்

(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சலரோகம் என்றும் நீரிழிவு என்றும் சொல்லப்படும் நோயை இங்கு அறியாதார் இல்லை. இச்சபையில் அமர்ந்திருக்கும் மூத்தோரிற் பலர் தேநீரிற் சீனியை விட்டுப் பல்லாண்டு கழிந்தவர்கள். ஆகவே நோயின் இலக்கணத்தை விரித்துரைப்பது என் நோக்கமன்று. "அக்குபிரஷர் செய்தால் சலரோகம் மாறுமாமே, மெய்தானா?" என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லவே வந்தேன்.

அக்குபிரஷர் சீன தேசத்துப் பழைய மருத்துவத்தில் தோன்றியது. அக்குபங்சர் வைத்தியர் ஊசி ஏற்றும் இடங்களை இதில் விரலால் அழுத்துவர். முழங்காற் சில்லுக்கு நான்கு விரற்கடை கீழே, முன்னெலும்புக்குச் சற்று வெளிப்புறமாக ஓரிடம். உட்கணுக்கு நான்கு விரற்கடை மேலே, எலும்பின் பின்னோரமாக இன்னோரிடம். பெருவிரலால் இதமாக 2 அல்லது 3 நிமிடம் அழுத்தினாற் போதும். கர்ப்பவதிகள் கணுக்கால் இடத்தை அழுத்தலாகாது.

பயன் என்ன? உடல் இளகும், மனக்கலக்கம் தணியும், சிலருக்கு நித்திரை நன்றாக வரும். கவலையும் நித்திரைக் குறைவும் இரத்தத்திற் சீனியை ஏற்றக்கூடியவை. ஆதலால் அவை தணிவது நோயாளிக்கு நன்மையே. சீனியின் அளவும் சிறிது குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். மருந்துக்கு ஈடாக இதனைக் கொள்ள ஆதாரம் இல்லை. உதவிக்கு வந்தவனை வீட்டுக்காரன் ஆக்கலாமா?

ஆக்கியதால் நேர்ந்ததைக் கேளுங்கள். ஹொங்சி சியாவோ என்பவர், உடம்பைத் தட்டியும் நீட்டியிழுத்தும் நோய் தீர்க்கலாம் என்று நாடு நாடாகச் சென்று பயிற்சி நடத்தினார். 2015இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், அப்பயிற்சிக்குக் கொண்டுவரப்பட்ட 6 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் நிறுத்தப்பட்டது, பாலகன் மாண்டான். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் 71 வயது மாது ஒருவர் அவ்வாறே இன்சுலினை விட்டார். வருத்தம் முற்றியபோதும் வைத்தியரை அழைப்பாரில்லை, அவரும் இறந்தார். இரு நாட்டு நீதிமன்றங்களும் சியாவோவைக் குற்றவாளியெனக் கண்டன. 2024இல் இங்கிலாந்து நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. அவ்விருவரையும் கொன்றது தட்டிய கையன்று. மருந்தைத் தடுத்த சொல்லே.

1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் ரொறன்ரோ நகரில், 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் இன்சுலின் சுரக்காத பிள்ளைகளுக்குப் பிழைக்கும் வழியே இருந்ததில்லை. அத்தகைய அரும்பொருளை ஒருவர் வாய்ச்சொல்லுக்காகக் கைவிடுவது பேதைமையன்றோ?

நம்மூரவர்க்கு இன்னுமொரு சொல். நாட்பட்ட சலரோகத்திற் கால் மரத்துப்போவதுண்டு. மரத்த காலுக்கு அழுத்தமும் தெரியாது, சூடும் தெரியாது. புண்ணோ வீக்கமோ உள்ள காலை அழுத்த வேண்டாம். கன்னியாவின் ஏழு கிணறுகளும் ஒரே சூடல்ல. முதியவர் நீராடுமுன் மற்றொருவர் கைவைத்துப் பார்க்கட்டும். நடுப்பகலிற் கோயில் வீதியை வெறுங்காலுடன் வலம் வருவோரும், கடற்கரை மணலிற் தொழில் செய்வோரும் இரவு படுக்குமுன் உள்ளங்காலை விளக்கொளியிற் பார்ப்பது வழக்கமாக வேண்டும். குனிய இயலாத தகப்பனாருக்கு மகன் பார்த்துச் சொல்லட்டும்.

இளைஞர்களே! உங்களிடம் நான் கேட்பது பெரிதன்று. மாலையில் அரைமணி நேரம் பெரியவர்களுடன் நடந்து வாருங்கள். வீடு திரும்பியதும் அவர்கள் காலை இதமாக அழுத்திவிடுங்கள். கிளினிக் நாளில் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அழுத்தத்தாற் சுகம் கண்டால் அதனையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பு.

பெரியோர்களே! பிள்ளையின் கை உங்கள் காலைத் தொடட்டும். மருந்து உங்கள் கையை விட்டு நீங்காதிருக்கட்டும்.