கவர் இருக்கா அண்ணாச்சி?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் வங்கி, ரயில்வே, வெளிநாடு என்று பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள். நான் பி.காம். முடித்த மறு வாரமே அப்பாவின் பலசரக்குக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன். இன்னும் எழுந்திருக்கவில்லை. "பிளாஸ்டிக் பை தடையைப் பற்றிப் பேசணும்" என்று நம் செயலாளர் கேட்டபோது, "விஞ்ஞானி யாரையாவது கூப்பிடும் வே, பலசரக்குக் கடைக்காரனைப் போய்க் கூப்பிடுதீரே" என்றேன். "தினமும் அந்தச் சண்டையைப் பாக்கது நீருதானே" என்றார். அதுவும் உண்மைதான்.

"கவர் இருக்கா அண்ணாச்சி?" ஒரு நாளைக்கு நூறு தடவையாவது காதில் விழும் கேள்வி இது. 2019 ஜனவரி 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் தடை அமலுக்கு வந்த பிறகும் விழுகிறது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை என்று 2018 ஜூன் மாதம் அரசாணை வந்தது. அதில் நாம் கவர் என்று சொல்லும் கைப்பை முதல் தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சு குழாய், தெர்மாகோல் தட்டு வரை உண்டு. தடை செல்லும் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. மத்திய அரசின் விதியில் மைக்ரான் கணக்கு உண்டு. 1999-இல் 20 மைக்ரான், 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பர் கடைசியில் 75, 2022 டிசம்பர் கடைசியில் 120 என்று ஏறிக்கொண்டே வந்தது. அந்தத் தடிமனுக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது விதி. கவர் விற்க பைக்கில் வருகிறவர் இன்னமும், "அண்ணாச்சி, இது கெட்டி மைக்ரான், ஒண்ணும் செய்யமாட்டாங்க" என்பார். நம் மாநில ஆணையில் எந்தத் தடிமனாக இருந்தாலும் கைப்பைக்குத் தடைதான். மைக்ரான் பேச்சே இங்கே எடுபடாது. இது தெரியாமல் கெட்டிக் கவரைக் காசு கூடக் கொடுத்து வாங்கி, அபராதமும் கட்டியவர்கள் உண்டு.

இன்னொன்று, துணி மாதிரியே இருக்கும் நான்-ஓவன் பை. கலர் கலராக, கடை பேர் அச்சடித்து வரும். வீட்டில் ஒன்று இருந்தால் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சொட்டும். பாலிப்ராப்பிலீன்! தடைப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. "துணிப்பைதானே கொடுத்தாங்க" என்று சந்தோஷப்பட்டவர்கள் நம்மில் பாதிப் பேர்.

சரி, விதி போகட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., நம் ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. சாலை போயிற்று, தண்டவாளத்துக்குக் கீழே மண் போயிற்று, செந்தூர் எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனில் நின்றது நின்றதுதான். சுமார் 800 பயணிகள். புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதே அவர்களுக்குச் சமைத்துப் போட்டதை நாடே பேசியது. அந்த நாட்களில் நம் ஊர் ஒரு தீவு. கரண்ட் இல்லை, போன் இல்லை, வெளியிலிருந்து வருவதென்றால் ஹெலிகாப்டரும் படகும்தான்.

அப்போது வந்த உணவுப் பொட்டலம் எதில் வந்தது? பிளாஸ்டிக்கில்தான். தண்ணீரும் பிளாஸ்டிக் பாட்டிலில்தான். அதைக் குறை சொல்ல என் நாக்கு எழாது.

தண்ணீர் வடிந்த பிறகு வாழைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாய்ந்த மரம் போக மிச்சம் நின்ற மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே கவர்கள் தோரணம் கட்டினதுபோலத் தொங்கின. வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று அளக்க வேறு கோடே வேண்டியதில்லை. வாய்க்கால் பாலங்களுக்கு அடியில் அள்ளினால் சேறும் கவரும் பாயாகப் பின்னிக்கொண்டு வந்தது. வெள்ளத்துக்குக் கவர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 62 செ.மீ. மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்காது. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அதற்கு இது காரணம். வங்கதேசத்தில் தலைநகர் டாக்காவின் சாக்கடைகளைக் கவர் அடைத்து வெள்ளம் வடியவிடாமல் செய்தது என்றுதான் 2002-இல் அங்கே மெல்லிய கவருக்குத் தடை போட்டார்கள். நாடு முழுவதுக்கும் தடை போட்டதில் அவர்கள்தான் முந்தி. நமக்கு வழிகாட்டியது பணக்கார நாடு இல்லை பாருங்கள்.

அந்தப் பொங்கலுக்கு முன்னால் எங்கள் தெருக் கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் கூடிப் பேசினோம். அரசாணை இருக்கட்டும், நம் தெருவில் கவரே கிடையாது என்று நாமாக முடிவெடுத்தால் என்ன என்பதுதான் பேச்சு. பூக்கார ஆச்சிக்குப் பிரச்சினையே இல்லை. "எய்யா, வாழைச் சருகுல கட்டிக் குடுத்தா பூ ரெண்டு நாளு வாடாது. கவருல அவிஞ்சி போவுது" என்றார். ஆத்தூர் வெற்றிலை தலைமுறை தலைமுறையாக வாழைச் சருகில் கட்டித்தான் வெளியூர் போகிறது. கறிக்கடை பாய் தேக்கு இலைக்குச் சம்மதித்தார், "ஆனா இலை நெதம் யாரு கொண்டாந்து குடுப்பா?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வரச் சொல்வோம் என்று முடிந்தது.

டீக்கடைக்காரர்தான் மடங்கவில்லை. "வேலைத்தலத்துக்குப் பத்து டீ வாங்கிட்டுப் போறவன் தூக்குவாளியோடயா வருவான்? நான் கவருல கட்டித் தரலைன்னா பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கிடுவான். யாவாரம் எனக்குத்தானே போவும்?" நியாயமான கேள்வி. ஒரு கடை நிறுத்தினால் அந்தக் கடைக்கு நஷ்டம். எல்லாக் கடையும் நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் வேண்டும் என்பதே இதனால்தான். சட்டம் ஒரு தெருவில் நடந்து அடுத்த தெருவில் நடக்காவிட்டால், நேர்மையாக இருக்கிறவன் தலையில்தான் விடியும். அதை நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு அம்மா எழுந்து கேட்டதுதான் என்னை யோசிக்க வைத்தது. "அண்ணாச்சி, கழுத்தளவு தண்ணில நான் வெளிய வாரப்ப வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, எம் பொண்ணோட மார்க் ஷீட்டு எல்லாம் ஒரு கவருக்குள்ளதான் இருந்திச்சு. தலைமேல வச்சிக்கிட்டு வந்தேன். கவர் வேண்டாம்னு சொல்லுதியளே, துணிப்பைல வச்சிருந்தா என்னாயிருக்கும்?"

கூட்டம் சற்று நேரம் பேசவில்லை. நான் கேட்டேன்: "தாயி, அந்தக் கவர் எத்தனை வருஷமா உங்கிட்ட இருக்கு?" "அது கிடக்கு பத்துப் பன்னெண்டு வருசமா, டிரங்குப் பெட்டிக்குள்ள." விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் எழுபது, எண்பதுகளில் பின்னிய ஒயர்க்கூடை ஞாபகம் இருக்கிறதா? அதுவும் பிளாஸ்டிக்தான். இருபது வருஷம் உழைத்தது. யாரும் அதை வாய்க்காலில் போடவில்லை. சண்டை அந்த அம்மாவின் கவரோடு இல்லை. கடையிலிருந்து வீட்டு வாசல் வரை பத்து நிமிஷம் உழைத்துவிட்டு, பிறகு பல நூறு வருஷம் மட்காமல் கிடக்கிற கவரோடுதான் சண்டை.

இன்னொரு பேச்சும் வந்தது. "நாம நிறுத்தி என்ன பிரயோசனம்? மேல இருக்கவன் போடுதான்லா?" தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. ஏழு பழையது. எட்டாவது, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, நம் அணைக்கட்டு. அதுதான் கடைசி. பாபநாசத்தில் விடும் துணியிலிருந்து நெல்வேலிப் பட்டணத்துக் குப்பை வரை மிதந்து வருவதெல்லாம் இங்கே வந்துதான் முட்டி நிற்கும். அதனால் இந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் நமக்குக் கீழே ஏரல் இருக்கிறது, ஆத்தூர் இருக்கிறது, ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் இருக்கிறது. புன்னைக்காயல்காரரிடம் கேட்டால் "மேல இருக்கவன்" என்று அவர் சொல்வது நம்மைத்தான். அவர் வலையில் மீனோடு ஏறுவது நம் கடைக் கவர். அதற்கு அப்பால் மன்னார் வளைகுடா. 21 தீவுகள், 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்த இடம். தண்ணீரில் மிதக்கும் கவரைச் சொறிமீன் என்று நினைத்துத் தின்னும் ஆமைகள் உள்ள கடல்.

மாணவர்கள் பகுதியிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. "துணிப்பை தயாரிப்பதும் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்று படித்தோமே?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் ஒரு கணக்குப் போட்டது. பருத்திச் செடிக்குத் தண்ணீர், உரம், நெசவு எல்லாம் சேர்த்து, புவி வெப்பமாதலை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான் ஒரு மெல்லிய கவருக்குச் சமம் என்று வந்தது. அதாவது கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு தரும் மஞ்சப்பையை வாங்கி வந்து பரணில் போட்டால், அது கவரைவிட மோசம். வாரம் இரண்டு தடவை கடைக்குக் கொண்டு போனால் ஒன்றேகால் வருஷத்தில் கணக்கு நேராகிவிடும். என் அப்பா காலத்துக் காக்கிப் பை பத்து வருஷம் உழைத்தது. அந்தக் கணக்கில் வாய்க்கால் அடைப்பும் ஆமை வயிறும் சேரவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இதை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: நாம் பையை ஏன் விட்டோம்? கவர் சௌகரியம் என்பது பாதிக் காரணம்தான். மீதி, வெட்கம். "மஞ்சப்பைக்காரன்" என்றால் பட்டிக்காட்டான். நாங்கள் கல்லூரிக்கு வந்த காலத்தில் வீட்டில் மஞ்சப்பையைக் கொடுத்துச் சாமான் வாங்கி வரச் சொன்னால், அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வருவோம். தொண்ணூறுகளில் கடை பேர் போட்ட கவரைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது ஒரு கௌரவம். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சந்தோஷமும் வந்தது. பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வந்துவிட்டது. நம் அப்பாக்களிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டார்கள்.

நம் கல்லூரிப் பிள்ளைகள் ஆற்றங்கரையைச் சுத்தம் செய்கிறார்கள். பாராட்டுகிறேன். ஆனால் அள்ளியதில் பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுப்பான், கவரை எடுக்கமாட்டான். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கான கவர் பொறுக்க வேண்டும், சேறு வேறு. அதனால்தான் ஆற்றில் பாட்டிலைவிடக் கவர் அதிகம் கிடக்கிறது. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் அவர்கள் இந்தக் கழிவைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் வழி கண்டுபிடித்து, 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அதற்கும் யாராவது சுத்தமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமே! படம் எடுத்த பிறகு அந்த மூட்டை எங்கே போகிறது என்று அடுத்த தடவை கூடவே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் தெருவில் இப்போது என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கடை வாசலில் ஒரு ஆணி. அதில் பழைய வேட்டி, சேலையில் தைத்த பத்துப் பதினைந்து பை தொங்கும். பை மறந்து வந்தவர் எடுத்துப் போகலாம், அடுத்த தடவை கொண்டு வந்து மாட்ட வேண்டும். தைத்துத் தருவது பக்கத்துத் தையல்காரர். எல்லாப் பையும் திரும்பி வருவதில்லை. மாதம் நாலைந்து குறையும். ஒரு நாள் புதிதாக இரண்டு பை கூடுதலாகத் தொங்கியது. யார் மாட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது. டீக்கடைக்காரர் நூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு பிளாஸ்க் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். ஆனால் சாயங்காலக் கூட்டத்தில் இன்னமும் கவர் கட்டுகிறார். கேட்டால், "முழுசாத் திருந்தணும்னா டைம் வேணும் அண்ணாச்சி" என்கிறார். ஓட்டலில் சாம்பார் பார்சல் அப்படியேதான் இருக்கிறது. அதை எப்படித் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பழைய மாணவர் யாராவது இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நுழைவாயிலில் எல்லோருக்கும் கொடுத்த பையை இப்போது கையில் எடுத்துப் பாருங்கள். பளபளவென்று நம் கல்லூரிப் பெயர் போட்ட நான்-ஓவன் பை! செயலாளர் சிரிக்கிறார். அடுத்த வருஷம் அந்தக் காசை என்னிடம் கொடுங்கள், எங்கள் தையல்காரரிடம் சொல்லித் துணியில் தைத்துத் தருகிறேன். லாபம் வைக்கமாட்டேன். கூலி மட்டும் அவருக்கு முழுசாகக் கொடுத்துவிட வேண்டும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள்.