பேட்டரி செத்தாலும் சாகாத கேம்கள்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "முப்பது வருஷப் பழைய ஃபைட்டிங் கேமை எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்? தேடினா நெட்ல சும்மாவே கிடைக்குதே?" நியாயமான கேள்விதான். இன்னைக்கு எபிசோடே அதுக்கான பதில்தான்.

அவர் கேட்டது, காப்காம் 2024 செப்டம்பர்ல வெளியிட்ட 'மார்வெல் வெர்சஸ் காப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன்' பத்தி. ஒரே தொகுப்புல ஏழு ஆர்கேட் கேம். 1993-ல வந்த 'தி பனிஷர்' மட்டும் தெருத்தெருவா நடந்துபோய் ரவுடிகளை அடிக்கிற ரகம். மத்த ஆறும் நேருக்கு நேர் மோதுற சண்டை. 1994-ல வந்த 'எக்ஸ்-மென்: சில்ட்ரன் ஆஃப் தி ஆட்டம்'ல ஆரம்பிச்சு, 2000-ல 56 கேரக்டரோட வந்த 'மார்வெல் வெர்சஸ் காப்காம் 2' வரைக்கும் இருக்கு.

இந்த கேம்களுக்கு மூணு கண்டம் இருந்தது. அதைச் சொன்னாதான் தொகுப்போட மதிப்பு புரியும்.

முதல் கண்டம், பேட்டரி. இந்த ஏழுல அஞ்சு கேம், சிபிஎஸ்-2ங்கிற காப்காமோட ஆர்கேட் போர்டுல ஓடினது. திருட்டு காப்பியைத் தடுக்க கேமைப் பூட்டி, அந்தப் பூட்டுக்கான சாவியை ஒரு சின்ன மெமரியில வெச்சாங்க. அதுக்கு உயிர் கொடுத்தது ஒரு பேட்டரி. பேட்டரி தீர்ந்தா சாவி அழிஞ்சிடும், போர்டு வெறும் தகடு. ரசிகர்கள் இதுக்கு வெச்ச பேரே 'தற்கொலை பேட்டரி'.

ரெண்டாவது கண்டம், வீட்டுக்கு வந்த வழி. 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்'ல ரெண்டு பேர் கொண்ட டீமை வெச்சு, சண்டை நடுவுலயே ஆளை மாத்தலாம். கேமோட உயிரே அதுதான். முதல் பிளேஸ்டேஷன்ல மெமரி பத்தாததால அந்த வசதியையே எடுத்துட்டாங்க. செகா சாட்டர்ன்ல 4 எம்பி மெமரி கார்ட்ரிட்ஜைச் சொருகி அப்படியே கொண்டுவந்தாங்க. ஆனா அது ஜப்பான்ல மட்டும்தான் வெளியாச்சு.

மூணாவது, இருக்கிறதுலயே மோசமான கண்டம்: லைசென்ஸ். கேம் காப்காமோடது, ஸ்பைடர்மேனும் வுல்வரினும் மார்வெலோட சொத்து. 2009-ல பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு டவுன்லோடா வந்த 'மார்வெல் வெர்சஸ் காப்காம் 2', 2013 டிசம்பர்ல ஆன்லைன் கடைகள்ல இருந்து எடுக்கப்பட்டது. அப்புறம் கிட்டத்தட்ட 11 வருஷம் எந்த கன்சோல் கடையிலயும் அதைப் புதுசா வாங்க முடியல. 2021-ல ரசிகர்கள் ஹேஷ்டேக் போட்டுக் கேட்கிற நிலைமை.

இப்போ நண்பரோட கேள்விக்கு வருவோம். அந்த இடைப்பட்ட காலத்துல இந்த கேம்களைக் காப்பாத்தினது எமுலேட்டர் எழுதினவங்கதான். அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா அதுக்கு ஒரு கம்ப்யூட்டரும் செட்டிங்ஸோட மல்லுக்கட்டுற பொறுமையும் வேணும். தொகுப்புல அந்த வேலை இல்ல, சோஃபால உக்காந்து உடனே ஆடலாம். புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சி மோடு, ஒரே பட்டன்ல ஸ்பெஷல் அடி எல்லாம் இருக்கு.

முக்கியமா, ஆன்லைன்ல 'ரோல்பேக்' இருக்கு. இந்த கேம்கள் நொடிக்குச் சுமார் 60 ஃபிரேம்ல ஓடுது. பழைய முறையில, எதிராளி அழுத்தின பட்டன் நெட்வொர்க் வழியா வந்து சேர்ற வரைக்கும் கேம் காத்திருக்கும். அதனாலதான் கை ஒரு பக்கம், திரை ஒரு பக்கம்னு இழுக்கும். ரோல்பேக் காத்திருக்காது. அவர் இதைத்தான் அழுத்தியிருப்பார்னு ஊகிச்சு கேமை ஓட்டிடும். ஊகம் தப்பானா, சில ஃபிரேம் பின்னால போய் சரிபண்ணிட்டுத் திரும்பி வரும். பெரும்பாலும் நம்ம கண்ணுக்கே தெரியாது.

அப்போ எல்லாம் சுபமா? இல்ல. லைசென்ஸ் இன்னும் ரெண்டு கம்பெனிகளுக்கு நடுவுலதான் நிக்குது. 2013-ல நடந்தது இன்னொரு தடவை நடக்காதுன்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால என் யோசனை இதுதான்: உங்களுக்கு இந்த கேம்கள் நிஜமாவே பிடிக்கும்னா, டிஸ்க்காவோ கார்ட்ரிட்ஜாவோ வாங்குங்க. கடைக்காரர் கதவைச் சாத்தினாலும் உங்க அலமாரியில இருக்கிறது உங்களோடதுதான். நண்பருக்கு ஒரு வாரம் இரவல்கூடக் கொடுக்கலாம், திரும்பி வந்தா உங்க அதிர்ஷ்டம்!

உங்க ஃபேவரிட் மூணு பேர் டீம் எதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.