செவ்வாய்க்கிழமையும் வாருங்கள்

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில், முதியோர் இல்லத்தில் வாழும் பழைய மாணவிகள் நால்வர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் எங்களையும் பேச அழைத்த சங்கத்துக்கு முதலில் நன்றி. அந்தக் காலத்துப் பாடசாலை நினைவுகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். அவற்றைச் சொல்ல இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறார்கள். நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் வாழ்பவர்கள். ஆகவே எங்கள் இன்றைய வாழ்வைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். நால்வரும் கூடியிருந்து யோசித்தோம். கை நடுங்காதவர் எழுதினார். குரல் நடுங்காதவர் வாசிக்கிறார்.

எங்கள் ஒரு நாளைச் சொல்கிறோம். காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவோம். எழுப்ப எவரும் தேவையில்லை. இந்த வயதில் நித்திரை தானாகக் கலைந்துவிடும். பள்ளிவாசலின் பாங்கு முதலில் கேட்கும், பின் கோயில் மணி, அதன்பின் தேவாலய மணி. வெறுந்தேநீர் குடித்துவிட்டு முற்றம் கூட்டுவோம். குனிய முடியாதவர் கதிரையில் இருந்தபடி, கூட்டுபவர் தவறவிட்ட இலைகளைக் காட்டிக் கொடுப்பார். காலைச் சாப்பாடு பிட்டு அல்லது இடியப்பம். பிறகு குளிசை நேரம். சீனி வருத்தத்துக்கு எது, பிரஷருக்கு எது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுவோம்.

பத்து மணிக்குப் பிறகு ஆளுக்கொரு வேலை. ஒருவர் பன்பாய் இழைப்பார். ஒருவர் சமையலறையில் மரக்கறி வெட்டுவார். ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். மரண அறிவித்தல்களை முதலில் வாசிக்கவேண்டும் என்பது இல்லத்தின் எழுதாத சட்டம். மாதத்தில் ஒருநாள் கிளினிக். அதற்கு முதல்நாள் இரவே கொப்பியைப் பையில் வைத்து, விடியுமுன் ஓட்டோவில் போய் இலக்கம் எடுத்துக் காத்திருக்க வேண்டும். எங்களில் மூவர் ஓய்வூதியர். வருடத்தில் ஒருமுறை, நாங்கள் உயிரோடிருக்கிறோம் என்று கிராம உத்தியோகத்தரிடம் கையொப்பம் வாங்கவேண்டும். அந்தப் பத்திரம் கைக்கு வந்த அன்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வோம்.

மாலையில் நடக்கக்கூடியவர்கள் கல்லடிப் பாலம்வரை போவோம். 2013 இல் புதிய பாலம் திறந்தபின், பெரிய வாகனங்களின் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு லேடி மனிங் பாலமும் எங்களைப்போல ஓய்வு பெற்றுவிட்டது. பௌர்ணமி இரவில் தோணியிலிருந்து துடுப்பை நீரில் விட்டு, மறுநுனியைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்டதாக எங்களில் ஒருவர் சொல்வார். இப்போது அவருக்குக் காது அவ்வளவாகக் கேளாது. ஆதலால் நாங்கள் வாதாடுவதில்லை. இரவுச் சாப்பாட்டு நேரம் ரொறன்ரோவில் காலை. பிள்ளைகள் வேலைக்குப் போகும் வழியில் வாட்ஸ்அப்பில் அழைப்பார்கள். “சாப்பிட்டீங்களா அம்மா?” என்பார்கள். “சாப்பிட்டேன் மகள்” என்போம். இரண்டும் உண்மையான அன்புதான். ஆனால் அதற்குமேல் பேச்சு நீள்வதில்லை.

இல்லத்தில் இருக்கிறோம் என்றதும் பலர் “பாவம்” என்கிறார்கள். பிள்ளைகள் கைவிட்டார்களா என்று காதருகே வந்து கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல, நம் ஊர் வழக்கத்தை நினைவூட்ட வேண்டும்.

நம் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் இருந்த வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, தாய் தகப்பன் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொரு வீடு கட்டிப் போவார்கள். அடுத்த மகளுக்கு அந்த வீடு. கடைசியில் இளைய மகளோடு முதுமை கழியும். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இங்கு தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் இருப்பதை விரிவாக எழுதியிருக்கிறார். நமக்கு அது ஆராய்ச்சியன்று. அம்மம்மா வீடு, பெரியம்மா வீடு, சின்னம்மா வீடு என்று ஒரே வேலிக்குள் ஓடித் திரிந்த காலம். அந்த நாளில் முதியோர் இல்லம் தேவைப்படாததற்குக் காரணம் அன்பு மட்டுமன்று. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மகள்மார் இருந்தார்கள்.

அந்தத் தூரம்தான் மாறிவிட்டது. 1978 சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. போர் பிள்ளைகளைக் கடல் கடக்க வைத்தது. 2004 சுனாமி கரையோர வளவுகளையே அழித்தது. மிஞ்சியவர்களும் படிப்புக்கும் தொழிலுக்கும் கொழும்புக்கும் மெல்பேர்னுக்கும் போனார்கள். படிக்க வைத்தது நாங்கள்தான். போ என்று சொன்னதும் நாங்கள்தான். வீடு இருக்கிறது, மகள் அங்கே இல்லை. நாடு முழுவதிலும் இதே கதைதான். 1981 குடிசன மதிப்பீட்டில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 பேர், 2012 இல் 12.4 பேர். முதுமை கூடுகிறது, வீட்டில் ஆள் குறைகிறது. ஆகவே எங்களைக் கைவிடப்பட்டவர்கள் என்று எண்ணாதீர்கள். பூட்டிய வீட்டில் தனியே விழுந்து கிடப்பதைவிட, விழுந்தால் தூக்க ஆள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள்.

இல்லத்தில் குறையே இல்லையா என்றால், ஒன்று உண்டு. ஒக்டோபர் 1 ஆம் திகதி நம் நாட்டில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாக வருகிறது. அன்று பாடசாலைகள், வங்கிகள், சங்கங்கள் எல்லாம் வரும். பாட்டு, பேச்சு, புகைப்படம், சவர்க்காரமும் துவாயும் வைத்த பொதி. ஒருவருக்கே ஆறு துவாய் சேர்ந்துவிடும். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் சோறு தருவோரும் உண்டு, அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒக்டோபர் 2 ஆம் திகதி வாசலில் எவரும் இல்லை.

ஒரு வருடம் அப்படி வந்து போன மாணவி ஒருத்தி குடையை மறந்துவிட்டுப் போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அதை எடுக்க வந்தாள். வந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. அப்போது நாங்கள் ஐவர். ஐந்தாமவர் முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவர். நாங்கள் எல்லாரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிடுவோம். மழை விடும்வரை சும்மா இருப்பானேன் என்று அந்தப் பிள்ளையின் கொப்பியை வாங்கினார். கண் மங்கல், எழுத்துத் தெரியவில்லை. “வாசி மகள்” என்றார். அவள் கேத்திரகணிதக் கணக்கை வாசித்தாள். அவர் விரலால் மேசையில் முக்கோணம் வரைந்து வழி சொன்னார். மழை விட்டது, அவள் போகவில்லை. அதன்பின் சாதாரண தரப் பரீட்சைவரை ஒவ்வொரு செவ்வாயும் வந்தாள்.

அந்த மாதங்களில் ரீச்சரில் நாங்கள் கண்ட மாற்றத்தைச் சொல்ல வேண்டும். செவ்வாய் காலையில் நல்ல சேலை உடுப்பார். திங்கள் இரவே “நாளைக்கு வட்ட நாண்” என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். குளிசையை மறக்கமாட்டார். பரீட்சை முடிந்து, பெறுபேறு வருமுன்னர் அவர் காலமானார். அந்தப் பிள்ளை கணிதத்தில் திறமைச் சித்தி பெற்று, பெறுபேற்றோடு இல்லத்துக்கு வந்தாள். ரீச்சரின் கட்டில் அருகே சற்றுநேரம் நின்றாள். பின் எங்களோடு இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

அதனால்தான் இன்று இச்சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களைக் கொண்டு வந்திருக்கிறோம்.

முதலாவது: விழா நாளில் மட்டுமன்றிச் செவ்வாய்க்கிழமையும் வாருங்கள். இரண்டிரண்டு பேராக, முறை வைத்து, ஒரு மணிநேரம் போதும். பொதி வேண்டாம். தைக்க வேண்டியதைக் கொண்டுவாருங்கள், திருத்த வேண்டிய கட்டுரையைக் கொண்டுவாருங்கள், பாய் இழைக்கப் பழக விரும்பும் பிள்ளையைக் கூட்டி வாருங்கள். எங்களுக்குத் தெரிந்ததைக் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

இரண்டாவது: கிளினிக் நாளில் ஒருவர் துணைக்கு வாருங்கள். வைத்தியர் சொல்வதைக் கேட்டு எங்களுக்குத் திரும்பச் சொல்ல ஒரு காது போதும். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு ஒரு வாகனம் ஒழுங்கு செய்தால், அந்த வருடம் முழுவதும் அதைப் பற்றியே பேசுவோம்.

மூன்றாவது, இளைய சகோதரிகளுக்கு: மகளுக்கு வீட்டை எழுதும் நம் வழக்கம் நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் உறுதி எழுதும்போது உங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். வீடு மகளுக்குரியது, நீங்கள் இருக்கும்வரை அதில் இருக்கும் உரிமை உங்களுக்குரியது. எங்களில் ஒருவர் அது தெரியாமல் கையொப்பமிட்டார். பின்னர் வீடு விற்கப்பட்டது. மகள்மீது அவருக்குக் கோபமில்லை. வெளிநாட்டுக் கடன் அப்படி நெருக்கியது. ஆனால் தான் நட்ட மாமரத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார். பிள்ளைகள் பெற்றோரைக் கவனிக்கவேண்டும் என்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. கவனிக்காவிட்டால் முறையிடவும் வழி வைத்திருக்கிறது. எந்தத் தாய் தன் மகள்மீது முறையிடப் போவாள்? உறுதியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்த நிலையே வராது.

சகோதரிகளே, இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் நெருங்கியிருந்து படித்தவர்கள் நாம். மகள்மார் இருந்த தூரத்தில் இனி ஒருவருக்கொருவர் நாமே இருக்க வேண்டியிருக்கிறது. எங்கள் இல்லத்தின் படலை காலை ஆறு மணிக்குத் திறக்கும். வரும்போது குடையைக் கொண்டுவாருங்கள். மறந்துவிட்டுப் போனாலும் நல்லது.