வாட்ஸைக் குறைப்போம், வெளிச்சத்தைக் குறைக்க வேண்டாம்

(தடாவில் கூடிய நம் அங்கத்தினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



தடா எல்லை ஊர். இங்கே வந்திருக்கும் பெரியவர்களில் பலருக்குப் பிள்ளையோ மாப்பிள்ளையோ ஸ்ரீசிட்டியில் வேலை. சொந்த வீடு சென்னைப் பக்கம். இங்கே கரண்ட் பில் மாதாமாதம், அங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. இரண்டையும் பார்த்துவிட்டு முதலில் கை போவது விளக்கு ஸ்விட்சுக்குத்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் கூடத்தை இருட்டாக்கிக்கொண்டு உட்காருகிறோம். அது வேண்டாம் என்று சொல்லத்தான் நான் எழுந்தேன்.

சின்னக் கணக்கு ஒன்று. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு தினம் 6 மணி நேரம் எரிந்தால் வருஷத்துக்குச் சுமார் 131 யூனிட். அதே வெளிச்சமோ, சற்றுக் கூடவோ தரும் 9 வாட்ஸ் எல்.ஈ.டி.க்கு 20 யூனிட் போதும். குண்டு பல்பில் கரண்டின் பெரும்பகுதி உஷ்ணமாகப் போய்விடுகிறது. நாம் பணம் கொடுத்தது வெளிச்சத்துக்கு, வாங்கியது சூடு.

அடுத்தது ஸ்வாமி அலமாரி. அங்கே ராப்பகலாக எரியும் சிவப்பு ‘ஜீரோ வாட்ஸ்’ பல்பு பெயரில்தான் ஜீரோ. பழைய ரகம் 12 முதல் 15 வாட்ஸ் வரை இழுக்கும். 15 வாட்ஸ், 24 மணி நேரம், 365 நாள் என்று பெருக்கினால் அதுவும் 131 யூனிட்! கூடத்துப் பெரிய பல்புக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அரை வாட்ஸ் எல்.ஈ.டி. போட்டால் வருஷம் முழுவதற்கும் நாலரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு ஏற்றும் விளக்கு அதன் இடத்தில் இருக்கட்டும். அதில் சிக்கனம் பேச நான் வரவில்லை.

விலையும் இப்போது தடையில்லை. 2014-இல் ஈ.ஈ.எஸ்.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் எல்.ஈ.டி. பல்பை மொத்தமாக வாங்கியபோதே ஒன்று 310 ரூபாய். அந்த வருஷம் புதுச்சேரியிலும், பிறகு ஆந்திராவில் குண்டூர் உள்ளிட்ட சில மாவட்டங்களிலும் வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2015 ஜனவரியில் அது தேசம் முழுவதற்குமான திட்டமாயிற்று. ‘உஜாலா’ என்று பெயர். கோடிக்கணக்கில் சேர்த்து வாங்கியதால் கொள்முதல் விலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 36 கோடிக்கு மேல் பல்புகள் விநியோகமாயின.

மலிவாகிவிட்டதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. வாட்ஸ் என்பது செலவு; வெளிச்சத்தின் அளவு ‘லூமென்’. இரண்டும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும். 9 வாட்ஸுக்கு 800, 900 லூமென் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். பதிவு முத்திரையும், 2018 முதல் கட்டாயமான பி.ஈ.ஈ. நட்சத்திர முத்திரையும் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பல்பைப் போட்டு மொபைல் கேமரா வழியாகப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அது கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குகிறது. படிக்கிற இடத்துக்கு ஆகாது. காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டாதீர்கள். 25,000 மணி நேரம் உழைக்கும் என்று போட்டிருந்தாலும், சூட்டில் உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் சீக்கிரம் போய்விடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். 60 வயதில் நம் விழித்திரைக்குப் போய்ச் சேருவது, 20 வயதுப் பிள்ளைக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே. பேரனுக்குப் போதும் என்கிற வெளிச்சம் தாத்தாவுக்குப் போதாது. பஞ்சாங்கம் பார்க்கிற இடத்தில், மாத்திரை எடுக்கிற இடத்தில், கறிகாய் நறுக்குகிற மேடையில், மாடிப்படியில் ஒரு பல்பு கூடவே போடுங்கள். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் மஞ்சள் நிற அரை வாட்ஸ் விளக்கு ஒன்று விடிய விடிய எரியட்டும். 10 மணி நேரம் எரிந்தாலும் வருஷத்துக்கு இரண்டு யூனிட் ஆகாது. இருட்டில் கால் தடுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவை எந்தக் கரண்ட் பில்லோடும் ஒப்பிட முடியாது. கூட இருப்பவர்கள் படும் சிரமம் தனி.

எல்.ஈ.டி. மாற்றினால் பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ.சி.யும் கீஸரும் ஃப்ரிட்ஜும் இருக்கும் வீட்டில் விளக்கின் பங்கு கொஞ்சம்தான். ஆனால் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற கணக்கில், கடைசியாகக் குறையும் பத்து யூனிட்டுக்கும் மதிப்பு உண்டு.

கழற்றிய சி.எஃப்.எல். பல்பை உடைக்காமல் மின்கழிவு வாங்குவோரிடம் கொடுங்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது.

அடுத்த தடவை நாம் கூடுவதற்குள் ஒவ்வொருவரும் தம் வீட்டு ஸ்வாமி அலமாரி பல்பையும், பாத்ரூம் போகும் வழியையும் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.