காற்று யார் மேல் விழுகிறது?
(கோடைக்காலக் குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சிவகாசி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலர் தவணையில் ஏசி வாங்கிவிட்டோம். எங்கள் வீட்டிலும் வாங்கினோம். பத்தே நாளில் அம்மா கட்டிலை விட்டுவிட்டு வராந்தாவில் பாய் விரித்துவிட்டார். கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டன. பிள்ளைகளோ, புழுங்குகிறது என்று 18-க்கு இறக்கினார்கள்.

கோளாறு ஏசியில் இல்லை. காற்று போகும் வழியில் இருந்தது. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். காற்று வரும் வாயிலுள்ள பட்டை கீழ்நோக்கி இருந்ததால், குளிர் முழுவதும் அம்மா மேலேயே கொட்டியது. எதிர் மூலையில் படுத்த பிள்ளைகளுக்கு எட்டவில்லை. ரிமோட்டில் ஸ்விங் பட்டனை அழுத்தி, பட்டையை மேலே நிறுத்தினேன். காற்று கூரையை ஒட்டிப் போய், அறை முழுவதும் மெல்ல இறங்கியது. ஃபேனை மெதுவாக ஓடவிட்டு 26-ல் வைத்தோம். வியர்வை உலரக் காற்றோட்டம் இருந்தால் அந்தக் குளிரே போதும்.

2020 ஜனவரி முதல், ஸ்டார் முத்திரை பெற்ற புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். தூசி அடைத்தால் காற்று வராது.

இன்றிரவு ரிமோட்டைத் தொடுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: "காற்று உங்கள் மேல் நேரே அடிக்கிறதா?"

அம்மா கட்டிலுக்குத் திரும்பிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாம்.